செர்ரி பாக்கெட்டில் களாக்காய், ஊறுகாய் பாட்டிலில் களாக்காய்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

பிறந்தநாள் கேக்கின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் சிவப்பு உருண்டையைச் செர்ரி என்று சொல்லித்தான் விற்கிறார்கள். பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தால் பெரும்பாலும் "கரோண்டா" என்று இருக்கும். கரோண்டா வேறெதுவும் இல்லை, களாக்காய்தான். கரட்டிலும் மலையடிவாரத்திலும் முள்ளோடு மண்டிக்கிடக்கும் அதே களாச்செடியின் காய். கிளாக்காய் என்று சொல்கிற ஊர்களும் உண்டு.

இன்றைக்குக் களா நம் கைக்கு நான்கு உருவத்தில் வருகிறது: சீசனில் பச்சைக்காயாக, வருஷம் முழுக்க ஊறுகாய் பாட்டிலாக, பேக்கரி செர்ரியாக, நர்சரியில் கன்றாக. நான்கையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்க்க வேண்டும். களாவின் சரக்கே அதன் புளிப்புதான். புளியும் எலுமிச்சையும் இல்லாமல் தானே நின்று ஊறுகாயாகும் காய் அது. கொடுக்கிற காசுக்கு அந்தப் புளிப்பு எவ்வளவு மிஞ்சி வருகிறது?

முதலில் செர்ரி, ஏனென்றால் அதிகம் விற்பதும் அதிகம் குழப்புவதும் அதுதான்.

பாக்கெட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் குறுக்கே வெட்டுங்கள். நிஜ செர்ரியில் நடுவில் ஒரே கொட்டை. அதை எடுத்த இடம் உருண்டையான ஒரே பொந்தாக இருக்கும். களாவில் சின்னச் சின்னத் தட்டை விதைகள் சில இருக்கும். அதனால் வெட்டிய பக்கத்தில் தட்டையான குழிகள் தெரியும், சில சமயம் எடுக்காமல் விட்ட விதை ஒன்றே அங்கே உட்கார்ந்திருக்கும். பக்கவாட்டில் விதை எடுத்த கீறலும் இருக்கும். கடித்தாலும் தெரிந்துவிடும். நிஜ செர்ரி குழைந்து போகும், களா "கறுக்" என்று நிற்கும். அந்த உறுதிதான் பேக்கரிக்காரருக்கு வேண்டியது. அடுப்பில் வைத்தாலும் உருவம் கலையாது. அந்த ஒரு விஷயத்தில் இது நிஜ செர்ரியையே தோற்கடிக்கும்.

இப்படி ஆக்குவதற்குப் படுத்துகிற பாடு கொஞ்சமல்ல. முற்றிய, ஆனால் பழுக்காத காயாகப் பறித்து, விதையை நோண்டி எடுத்து, உப்புத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். அதிலேயே கால்சியம் சேரும், சுண்ணாம்பாகவோ கால்சியம் குளோரைடாகவோ. களாவில் பெக்டின், அதாவது ஜெல்லியைக் கட்டவைக்கும் இயற்கைப் பசை, அதிகம். கால்சியம் அதைப் பிடித்துக்கொண்டு காயை இறுக்கும். அந்தக் கறுக் முறுக்குக்குக் காரணம் இதுதான். பிறகு கந்தக உப்பில் போட்டு வெளுப்பார்கள். ஒரே கொத்தில் ஒரு காய் பச்சை, ஒன்று ரோஸ், ஒன்று பாதிச் சிவப்பு என்று இருப்பதால், வெளுக்காமல் சாயம் ஏற்றினால் திட்டுத் திட்டாகிவிடும். வெளுத்ததைப் பலமுறை அலசுவார்கள். உப்பும் கந்தகமும் இந்த அலசலில்தான் போகும். கூடவே களாவின் பாலும் புளிப்பும் போகும்.

மிஞ்சுவது உருவமும் நாரும். அதற்குச் சிவப்பேற்றி, சர்க்கரைப் பாகில் படிப்படியாக ஏற்றுவார்கள். ஒரே நாளில் கெட்டிப் பாகில் போட்டால் காய்க்குள் இருக்கும் தண்ணீர் வேகமாக வெளியே வந்து காய் சுருங்கிவிடும். அதனால் இளம்பாகில் தொடங்கி, தினம் கொஞ்சம் கெட்டியாக்கி, கடைசியில் காயே பெரும்பாலும் சர்க்கரையாக நிற்கும். சர்க்கரைப் பாகில் பதப்படுத்திய பழத்தில் மொத்தச் சர்க்கரை 70 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதுதான் இங்குள்ள உணவுத் தர விதியே. ஆக, 100 கிராம் செர்ரி வாங்கினால் அதில் 70 கிராமாவது சர்க்கரை.

லேபிளில் பார்க்க வேண்டியவை, சேர்க்கைப் பொருள்களைக் குறிக்கும் சில எண்கள்தான். 127 என்றால் எரித்ரோசின். 122, 124 என்றால் கார்மோய்சின், போன்சோ. மூன்றும் செயற்கைச் சிவப்புதான், ஆனால் சமையலில் நடந்துகொள்வது வேறு வேறு. எரித்ரோசின் புளிப்பில் கரையாது. சாயம் ஏறியதும் சிட்ரிக் அமிலத்தில் (330) போட்டால் நாருக்குள்ளேயே படிந்து நின்றுவிடும். மற்ற இரண்டும் தண்ணீர் கண்ட இடத்தில் கசியும். வெள்ளை கேக்கைச் சுற்றி ரோஸ் வட்டம் விழுகிறது, ஐஸ்கிரீமில் சிவப்புக் கோடு ஓடுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் அதுதான். 127 போட்டதை எடுத்தால் கசிவுத் தொல்லை குறையும். ஆனால் அதே எரித்ரோசினை உணவில் சேர்க்கும் அனுமதியை அமெரிக்கா 2025 ஜனவரியில் விலக்கிக்கொண்டது. ஆய்வகத்து ஆண் எலிகளுக்குப் புற்றுக்கட்டி வந்ததுதான் அதற்குச் சொன்ன சட்டக் காரணம். வருஷத்துக்கு இரண்டு கேக்கில் நாலு செர்ரி தின்பவர் இதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை. தினம் சாயங்காலம் குழந்தைக்கு பாக்கெட்டைப் பிரித்துக் கொடுக்கிற வீடு யோசிக்கலாம். 220, 223, 224 என்றிருந்தால் கந்தக உப்பு மிச்சம் இருக்கிறது என்று பொருள். ஆஸ்துமாக்காரர்களுக்கு அது ஆகாது.

பாகில் மிதக்கும் டின், பாட்டில் வகையும் உண்டு, பாகை வடித்து உலர்த்திய பாக்கெட் வகையும் உண்டு. உலர்ந்ததை வாங்குவதுதான் நல்லது. பாகுக்கும் சேர்த்து எடை போட்டுக் காசு கொடுக்க வேண்டாம். ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி, மேலே வெள்ளையாகப் பூத்திருந்தால் சர்க்கரை படிகமாகிவிட்டது, அவ்வளவுதான். இளஞ்சூட்டுத் தண்ணீரில் அலசினால் சரியாகிவிடும். புளித்த வாடையோ பாகில் நுரையோ இருந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டும். கேக் மாவில் கலப்பதானால் அலசி, துணியில் ஒற்றி, இரண்டாக வெட்டி, மைதாவில் புரட்டிச் சேர்க்கவும். மேலே பாகு ஒட்டியிருந்தால் வழுக்கிக்கொண்டு எல்லாம் அடியில் போய் உட்கார்ந்துவிடும்.

ஆக செர்ரி அலங்காரத்துக்குச் சரி. மலிவு, அடுப்பைத் தாங்கும். அதைக் களாக்காய் என்று கணக்கில் வைக்க முடியாது. இதுவாவது களா, டூட்டி ஃப்ரூட்டி என்று வருவது பப்பாளிக்காய்.

ஊறுகாய் பாட்டில்

இங்கே பெயரைப் பெரிதாகக் "களாக்காய் ஊறுகாய்" என்றுதான் போடுவார்கள், அதில் ஏமாற்று இல்லை. ஏமாற்று இருந்தால் அது எடையிலும் புளிப்பிலும்தான். எண்ணெய் ஊறுகாயில் வடித்த துண்டுகளின் எடை 60 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது விதி. 300 கிராம் பாட்டிலில் 180 கிராம் காய். கடையில் வடித்துப் பார்க்க முடியாது, ஆனால் பாட்டிலைச் சாய்க்கலாம். மசாலாக் குழம்பு மட்டும் ஒரு பக்கமாக ஓடி, காய்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக உருண்டால் வைத்துவிடுங்கள். நல்ல பாட்டிலில் காய்கள் நெருங்கி நின்று ஒட்டுமொத்தமாக மெல்ல நகரும், மேலே எண்ணெய் அரை சென்டிமீட்டராவது நிற்கும்.

அடுத்தது சேர்மானப் பட்டியல். எடை அதிகமானது முதலில் என்ற வரிசையில்தான் அதை எழுதுவார்கள். முதல் இடத்தில் களாக்காய் இருக்க வேண்டும். எண்ணெயோ உப்போ அதற்கு முன்னால் வந்தால் அது ஊறுகாய் மசாலா, நடுவே கொஞ்சம் களா. "மாங்காய்" என்று நடுவில் எட்டிப்பார்க்கிற பாட்டில்களும் உண்டு. நல்லெண்ணெய் என்று போட்டிருந்தால் மெச்சலாம். பலவற்றில் தவிட்டெண்ணெயோ பருத்தி எண்ணெயோதான்.

அதைவிட முக்கியமான ஒன்று: 260 என்ற எண், அதாவது அசிட்டிக் அமிலம். மாங்காய்க்குப் போட்டாலும் புரிந்துகொள்ளலாம், களாவுக்கு எதற்குப் புளிப்பு ஊற்ற வேண்டும்? சீசனில் வாங்கிய காயைக் கடும் உப்புத் தண்ணீரில் மாதக்கணக்கில் போட்டு வைத்து, தேவைப்படும்போது உப்பை அலசி எடுத்து மசாலா கலப்பது பெரிய ஆலைகளின் வழக்கம். அலசும்போது புளிப்பும் போய்விடும், போனதை அமிலத்தால் ஈடு செய்கிறார்கள். நாக்கில் முதலில் சுளீர் என்று பட்டு உடனே மறைகிற புளிப்பு வினிகருடையது. களாவின் புளிப்பு கடித்தபின் மெல்ல ஏறும், பின்னால் லேசாகத் துவர்க்கும். உப்பும் அளவு மீறியே இருக்கும். மளிகைக் கடை பாட்டில்களுக்கு மொத்தத்தில் சுமார் என்றுதான் மதிப்பெண். மகளிர் குழுக்களும் சிறு வீட்டுத் தொழில்காரர்களும் சீசனில் போட்டு விற்கிற ஊறுகாய் இந்த விஷயத்தில் பல படி மேல். தயாரித்த தேதி காய் வரும் சித்திரை, வைகாசியை ஒட்டி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பச்சைக்காய்

காசுக்கு முழு மதிப்பு இதில்தான். சித்திரை, வைகாசியில் காயாகவும், ஆனி, ஆடியில் பழமாகவும் மலையடிவாரச் சந்தைகளிலும் உழவர் சந்தைகளிலும் கூறு கட்டி வைப்பார்கள். மழையைப் பொறுத்து முன்னே பின்னே ஆகும். காட்டுக்களா சிறிது, ஒரு காய் 2 முதல் 4 கிராம். தோட்டத்துக் களா அதைவிடப் பருமன். கொங்கண் பக்கம் பழத்தைக் கரவந்த என்று இலைக் கூம்பில் வைத்து விற்பார்கள். ஆந்திராவில் வாக்காய என்று பருப்பில் போடுவார்கள்.

எதற்கு வாங்குகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். ஊறுகாய்க்கு வெள்ளையும் ரோஸுமாக, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத காய். காம்பைக் கிள்ளினால் வெள்ளைப் பால் சொட்ட வேண்டும். அது பறித்து அதிக நேரம் ஆகவில்லை என்பதற்கு அடையாளம். பால் வராமல் தோல் சுருங்கியிருந்தால் இரண்டு மூன்று நாள் சரக்கு. ஜெல்லிக்கு முக்கால் பங்கு சிவந்த காயும் கால் பங்கு கறுத்த பழமும் கலந்து வேண்டும். அப்படியே தின்பதற்குக் கறுப்பு மட்டும்தான். சங்கப் பாடல்களில் யாழின் கரிய தண்டுக்குக் களங்கனியை உவமை சொல்வார்கள். அந்த அளவுக்குக் கறுத்திருந்தால்தான் இனிக்கும். செக்கச்செவேல் என்று இருப்பதைப் பழம் என்று நம்பி வாயில் போட்டால் பல் கூசிவிடும்.

காட்டில் தானே பறிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. களா அரளிக் குடும்பத்துச் செடி. மஞ்சள் அரளிக்காயிலும் வெட்டினால் பால் வரும், அது கொடிய விஷம். களாவுக்கு முள் உண்டு, காய் கொத்துக் கொத்தாக வரும், பூ மல்லிகை போல வெள்ளை. மூன்றில் ஒன்று ஒத்துவராவிட்டாலும் அந்தச் செடியில் கை வைக்கக் கூடாது.

அந்தப் பாலைப் பற்றிக் கொஞ்சம். பச்சைக்காய் வாங்கிய பலர் அடுத்த வருஷம் வாங்காமல் போவதற்கு அதுதான் காரணம். நறுக்கத் தொடங்கிய பத்தாவது காயில் கத்தி, விரல், பலகை எல்லாம் பிசுபிசு என்று ஒட்டும். சோப்புப் போட்டுத் தேய்த்தால் போகாது. நறுக்குவதற்கு முன்பே கையிலும் கத்தியிலும் நல்லெண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும், ஒட்டியதை எடுக்கவும் எண்ணெய்தான். இரும்புக் கத்தி வேண்டாம். புளிப்பு பட்டு வெட்டிய இடம் கறுத்துவிடும், எவர்சில்வர் போதும். கீறிய காயை உடனே உப்புத் தண்ணீரில் போட்டுவிடுங்கள், ஒரு லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி கல் உப்பு. அரைமணி நேரத்தில் பெரும்பாலான பால் வெளியே வந்து மேலே திரியாக மிதக்கும். கொட்டிவிட்டு ஒரு முறை அலசினால் வேலை முடிந்தது.

ஒரு கிலோ காய்க்கு வீட்டு ஊறுகாய்க் கணக்கு இது. காம்பு, சொத்தை போக 900 கிராம் தேறும். காயை நான்காகப் பிளந்து, அடியில் பிரியாமல் விட்டு, விதையை நெம்பி எடுக்கவும். மேலே சொன்ன உப்புத் தண்ணீரில் போட்டு அலசி, துணியில் பரப்பி நிழலில் ஈரம் போக உலர்த்த வேண்டும். இங்கே மிஞ்சுகிற ஒரு துளி தண்ணீர்தான் பின்னால் பூஞ்சையாக வரும். காயை நான்காகப் பிளந்து, அடியில் பிரியாமல் விட்டு, விதையை நெம்பி எடுக்கவும். விதையோடு போடுகிறவர்களும் உண்டு, தவறில்லை. ஆனால் விதை வெட்டுப்பட்டால் லேசாகக் கசக்கும். பீங்கான் ஜாடியில் 150 கிராம் கல் உப்பு, ஒரு மேசைக்கரண்டி மஞ்சள்தூள் சேர்த்துக் குலுக்கி மூன்று நாள், தினம் இரண்டு முறை குலுக்கவும். காயே தண்ணீர் விட்டு மூழ்கும். மூழ்காமல் மேலே நிற்கிற காயில்தான் வெள்ளைப் படலம் கட்டும். அதனால் ஒரு சின்னத் தட்டைக் கவிழ்த்துப் பாரம் வையுங்கள்.

நாலாம் நாள் 80 கிராம் மிளகாய்த்தூள், வறுத்துப் பொடித்த வெந்தயம் 15 கிராம், கடுகுப்பொடி 15 கிராம், பெருங்காயம் 5 கிராம். வெந்தயம் பொன்னிறம் தாண்டினால் மொத்த ஜாடியும் கசக்கும், பழி களாவின் மேல் விழும். 250 மில்லி நல்லெண்ணெயைப் புகையவிட்டு, கடுகு தாளித்து, முழுக்க ஆறிய பிறகு ஊற்றவும். சூடாக ஊற்றினால் காய் வெந்து தொளதொளத்துவிடும். பத்து நாளில் எடுக்கலாம், ஒரு மாதத்தில் நன்றாக இருக்கும். எலுமிச்சை, புளி, வினிகர் எதுவும் வேண்டாம். இரண்டாவது நாளே தொளதொளத்தால், பழுக்கத் தொடங்கிய காய் கலந்துவிட்டது என்று பொருள். அதைத் தனியே எடுத்துத் தொக்காக்கிவிடுங்கள்.

வாக்காய பப்புக்கு ஒரு கப் துவரம்பருப்புக்கு எட்டுப் பத்துக் காய் போதும். காயைப் பருப்போடு சேர்த்துக் குக்கரில் வைத்தால் பருப்பு வேகாமல் விறைத்து நிற்கும். புளிப்பின் குணம் அது. பருப்பு வெந்த பிறகு, தாளிப்பில் வதக்கிய காயைச் சேர்க்க வேண்டும். புளி ஊற்றத் தேவையே இல்லை.

ஜெல்லிக்கு அரைக்கிலோ காய், மூழ்கத் தண்ணீர், இருபது நிமிஷம் கொதி. மேலே திரளும் நுரையில்தான் பிசின் வரும், கரண்டியால் வழித்துவிட வேண்டும். துணியில் வடிக்கவும், பிழியாமல் தானாகச் சொட்டவிடவும், பிழிந்தால் கலங்கிவிடும். ஒரு கப் சாறுக்கு முக்கால் கப் சர்க்கரை. பாகு 105 டிகிரி தொட்டதும் இறக்கலாம். வெப்பமானி இல்லையென்றால், குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் கோடு இழுங்கள், கோடு மூடாமல் நின்றால் பதம். களாவில் பெக்டினும் புளிப்பும் தானாகவே இருப்பதால் வெளியிலிருந்து எதுவும் சேர்க்காமல் கட்டிவிடும். நிறமும் அதன் சொந்த நிறமே, நல்ல மாணிக்கச் சிவப்பு. செர்ரி பாக்கெட்டுக்குப் போகிற காசை இதற்கு மாற்றலாம்.

கன்று

நர்சரியில் களா என்று கேட்டால் சில இடங்களில் வேறொன்றைக் கொடுப்பார்கள். தடித்துப் பளபளக்கும் இலை, ஒய் எழுத்து போலக் கவைத்த முள், பெரிய நட்சத்திரப் பூ, பழுத்தாலும் கறுக்காமல் சிவப்பாகவே நிற்கும் நீண்ட பழம் என்றால் அது தென்னாப்பிரிக்காவின் நேட்டால் களா. அழகுக்கும் வேலிக்கும் நல்லது, ஊறுகாய்க்கு இது இல்லை. பெரிய காய் வேண்டுமென்றால் தாபோலி வேளாண் பல்கலைக்கழகத்தின் கொங்கண் போல்டு, பந்த்நகரின் பந்த் மனோகர், பந்த் சுதர்சன் போன்ற ரகங்களைப் பெயர் சொல்லிக் கேட்கலாம். விதைக்கன்றுக்கு ரகப் பெயர் ஒட்டி விற்றால் நம்ப வேண்டாம். விதையில் தாய்க்குணம் அப்படியே வராது. பதியன் கன்றா என்று கேளுங்கள். தண்டின் அடியில் பதியன் கட்டிய முடிச்சும், அங்கிருந்தே கிளம்பும் வேரும் தெரியும்.

விதைக்கன்று காய்க்க மூன்று வருஷமாவது ஆகும், பதியன் அதற்கு முந்தும். வேலிக்கு ஒரு மீட்டர் இடைவெளி, காய்ப்புக்கென்றால் இரண்டு மீட்டருக்கு மேல். முதல் வருஷம் மட்டும் தண்ணீர் காட்டினால் போதும். அடியில் தண்ணீர் தேங்கும் இடத்தில் வைத்தால் அழுகிவிடும். ஆசையோடு மாதாமாதம் வெட்டிச் சீவினால் அழகான வேலி கிடைக்கும், காய் கிடைக்காது. பூ நுனிக் கிளையில்தான் வருகிறது. அறுவடை முடிந்த கையோடு ஒரே ஒரு முறை கத்தரித்தால் போதும், முழங்கை வரை மூடிய சட்டை போட்டுக்கொண்டு.